கல்முனைச் சேர்வரும் மட்டக்களப்புச் சேர்வரும் ஒன்றாகிவிட்டன: கைகொடுத்தது அடையாள அட்டை!

வணக்கம் உறவுகளே! சேர்ந்துவிட்டது. மட்டக்களப்பு நகரக் கடையின் வாடிக்கையாளர் விபரமும் கல்முனைக் கிளையின் வாடிக்கையாளர் விபரமும் நேற்றிரவு ஒரே தரவுத்தளத்துக்குள் வந்துவிட்டன. மச்சானின் கடை உங்களுக்குத் தெரியும். குளிர்சாதனப்பெட்டி, சலவை இயந்திரம், எல்லாம் தவணைக்கு. கல்முனைக் கடையை அவர் இன்னொருவரிடம் வாங்கியபோது அதனுடன் ஒரு சிஆர்எம்மும், அதாவது வாடிக்கையாளர் விபரங்களைப் பதிந்து வைக்கும் மென்பொருளும், சீதனமாக வந்து சேர்ந்தது. அந்தச் சீதனத்தைத்தான் இத்தனை நாளும் கட்டி மேய்த்துக்கொண்டிருந்தேன்.

இங்கே நகரக் கடையில் இருப்பது சூட்சிஆர்எம், அங்கே இருந்தது விடைகர். இரண்டும் ஷுகர்சிஆர்எம் என்ற இன்னொரு சிஆர்எம்மிலிருந்து பிரிந்தவை. விடைகர் 2004இல், சூட்சிஆர்எம் 2013இல். “அப்படியென்றால் அட்டவணைகளை அப்படியே தூக்கிப் போடலாமே” என்று நினைக்காதீர்கள். விடைகர் ஒவ்வொரு பதிவுக்கும் வரிசை எண் கொடுக்கும். சூட்சிஆர்எம் கொடுப்பதோ 36 எழுத்து நீளமுள்ள ஓர் அடையாளம். இடம் மாறும்போது எல்லோருக்கும் புது அடையாளம் விழும். பழைய எண் தொலைந்தால் எந்தக் குறிப்பு யாருடையது என்று கடவுளுக்கும் தெரியாது. அதனால் ‘கல்முனைப் பழைய எண்’ என்று தனியாக ஒரு புலம் திறந்தேன். முதலில் ஆட்கள், பிறகு குறிப்புகளும் அழைப்புப் பதிவுகளும் அந்த எண்ணைப் பிடித்துக்கொண்டு வந்து ஒட்டின. இந்தப் புலத்தை எனக்கு மிகவும் பிடித்துவிட்டது. இனி யாருக்கு எந்தத் தரவை மாற்றிக் கொடுத்தாலும் இதைத் திறக்காமல் தொடமாட்டேன்.

விலையைச் சொல்லவில்லையே! கொழும்பு நிறுவனம் ஒன்று இதற்கு ஒன்றரை இலட்சம் ரூபா கேட்டது. ஒன்றரை இலட்சம்! மச்சான் கடையில் நல்ல குளிர்சாதனப்பெட்டி ஒன்றையே அந்தக் காசுக்கு எடுக்கலாம். சரி, வேலைக்குக் கூலி வேண்டும்தான். ஆனால் அவர்கள் சொன்ன முறை இருக்கிறதே: “ஒரே பெயர் உள்ளவர்களைத் தானாகவே ஒன்றாக்கிவிடுவோம்.” மட்டக்களப்பில்! ஒரே ஒழுங்கையில் நான்கு கந்தசாமி இருக்கிற ஊரில்! நால்வரின் தவணையையும் ஒருவர் தலையில் கட்டினால் கடை வாசலில் யார் நின்று பதில் சொல்வது?

ஒரே ஆள் இரண்டு பெயரில் கிடப்பதும் உண்டு. ஆங்கிலத்தில் ஒரு கிளையில் ‘டி’ போட்ட கந்தசாமி, மற்றதில் ‘டிஎச்’ போட்ட கந்தசாமி. தகப்பன் பெயரின் முதலெழுத்து ஓரிடத்தில் முன்னால், ஓரிடத்தில் பின்னால். கல்முனையில் பழைய பதிவுகள் சில பாமினி எழுத்துருவில் தட்டியவை. உள்ளே பார்த்தால் ஆங்கில எழுத்தும் இடையிடையே அரைப்புள்ளியுமாகக் கிடக்கும். அவற்றை முதலில் யுனிகோடுக்கு மாற்றினேன்.

மாற்றிய பிறகும் ஒரு யோகேஸ்வரி மட்டும் இன்னொரு யோகேஸ்வரியுடன் பொருந்த மறுத்துவிட்டார். திரையில் இருவரும் அச்சொட்டாக ஒன்று. எழுத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன், ஒன்றுதான். முன்னால் பின்னால் இடைவெளி இருக்கிறதா என்று பார்த்தேன், இல்லை. பிளேன்டீ ஆறிப்போனது. பிறகுதான் ஒவ்வொரு குறியீடாகப் பிரித்து அச்சிட்டேன். ஒரு ‘யோ’வில் ஓகாரக் குறி ஒரே குறியீடு; மற்றதில் ஏகாரக் கொம்பு தனி, கால் தனி, இரண்டு குறியீடுகள். நம் கண்ணுக்கு ஒன்று, நான் நிரல் எழுதும் பைதான் மொழிக்கு வேறு. எல்லாப் பெயரையும் என்எஃப்சி வடிவத்துக்கு, அதாவது இப்படிப் பிரிந்து கிடக்கும் குறியீடுகளை ஒன்றாக்கும் யுனிகோடு வடிவத்துக்கு, மாற்றும் ஒரே ஒரு வரி எழுதினேன், யோகேஸ்வரிகள் ஒன்றாகிவிட்டார்கள். அந்த நேரத்தில் நான் போட்ட சத்தத்துக்குப் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது.

இருந்தாலும் பெயரை நம்பி யாரையும் ஒன்றாக்கவில்லை. தேசிய அடையாள அட்டை இலக்கத்தை நம்பினேன். அதிலும் நகரக் கடையில் பழைய இலக்கம், ஒன்பது எண்ணும் ஓர் எழுத்தும். கல்முனையில் பலருக்கு 2016இல் வந்த 12 எண் இலக்கம். பழையதைப் புதியதாக்குவது சுலபம். முன்னால் 19 போடுங்கள், அடுத்த ஐந்து எண்களை அப்படியே விடுங்கள், அதன்பின் ஒரு சைபரைச் செருகுங்கள், மீதி நான்கையும் எழுதிக் கடைசி எழுத்தை வெட்டிவிடுங்கள். ஆண்டுக்குப் பின்வரும் மூன்று எண், அந்த ஆண்டின் எத்தனையாவது நாளில் பிறந்தார் என்பதைக் குறிக்கும். பெண்ணென்றால் 500 கூடியிருக்கும். இதை வைத்துப் பார்த்தபோது ஆண் பெயரில் பெண்ணின் இலக்கம் சில அகப்பட்டன. மனைவியின் அட்டையில் கணவர் எடுத்த தவணை! அவற்றில் கை வைக்கவில்லை, மச்சானிடம் கொடுத்துவிட்டேன்.

எக்செல் மீது எனக்குள்ள கோபம் உங்களுக்குப் புதிதல்ல. கல்முனையிலிருந்து பட்டியலை யாரோ எக்செலில் திறந்து சேமித்து அனுப்பியிருந்தார்கள். 065, 067 என்று தொடங்கும் மட்டக்களப்பு, கல்முனைத் தொலைபேசி இலக்கங்கள் எல்லாம் முன் சைபரை இழந்திருந்தன. 12 எண் அடையாள இலக்கமோ புள்ளியும் அடுக்குமாகச் சுருங்கியிருந்தது. அந்தக் கோப்பைத் தூக்கி எறிந்துவிட்டுச் சேர்வரிலிருந்தே நேரடியாக எடுத்தேன். தொலைபேசி இலக்கங்களில் கடைசி ஒன்பது எண்ணை மட்டும் வைத்து முன்னால் 94 சேர்த்துவிட்டேன். ஒப்பிட அது போதும். ஆனால் தொலைபேசி ஒத்துப்போனால் ஒரே ஆள் என்று முடிவு கட்டாதீர்கள். நம் வீடுகளில் தாயும் மகனும் ஒரே இலக்கத்தைத்தானே கொடுக்கிறோம்.

அட, முக்கியமானதை விட்டுவிட்டேன்! பதிவுகளை எடுக்கும்போதே கவனிக்க வேண்டியது இது. இந்த இரண்டு மென்பொருளிலும் நீங்கள் நீக்கிய பதிவு உண்மையில் நீங்குவதில்லை, ‘நீக்கப்பட்டது’ என்ற அடையாளத்தோடு அட்டவணையில் படுத்திருக்கும். வடிகட்டாமல் எடுத்தால் எப்போதோ நீக்கியவர்கள் எல்லாம் எழுந்து வருவார்கள். இன்னொன்று, சூட்சிஆர்எம்மில் மின்னஞ்சல் முகவரி ஆளின் அட்டவணையில் இராது. தனி அட்டவணையில் இருக்கும், இணைப்புக்கு இன்னொரு அட்டவணை.

கல்முனைச் சேர்வரை உடனே அணைக்க வேண்டாம், மூன்று மாதம் வாசிக்க மட்டும் திறந்து வையுங்கள் என்று சொல்லியிருக்கிறேன். அதன் மின்கட்டணம் எந்தக் கிளையின் கணக்கில் என்று மச்சானும் கல்முனை முகாமையாளரும் இன்னும் இழுபறிப்படுகிறார்கள். அதற்குள் நான் போகவில்லை.