தட்டு மாற்றி எடைபோடுதல்

நேயர்களுக்கு வணக்கம். இங்கே கோலாலம்பூரில், மஸ்ஜித் இந்தியா வட்டாரத்தில் நகைப்பட்டறை வைத்திருந்த என் தாத்தா, பொன்னை ஒருமுறை எடைபோட்டதோடு விடமாட்டார். பொன்னையும் படிக்கற்களையும் தட்டு மாற்றி வைத்து, முள் மறுபடியும் நடுவில் நிற்கிறதா என்று பார்ப்பார். தராசின் ஒரு கை நூலளவு நீண்டிருந்தாலும் அப்போது தெரிந்துவிடும்.

துகள் இயற்பியலில் இதே வேலையைத் தற்சுழற்சியை வைத்துச் செய்கிறார்கள். எலெக்ட்ரான் பம்பரம் போலச் சுழல்கிறது என்று பள்ளியில் சொல்லித்தருவதுண்டு; எனக்கு அந்த உவமையில் அவ்வளவு உடன்பாடில்லை, ஏனெனில் பம்பரம் ஓய்ந்து விழும், எலெக்ட்ரானின் தற்சுழற்சியோ கூடுவதுமில்லை, குறைவதுமில்லை. ஓடும் திசையை ஒட்டி அதை வலக்கை, இடக்கை என்று பிரிக்கலாம். மின்காந்த விசை இவ்விரண்டையும் ஒன்றாகவே நடத்தும். அணுக்கருச் சிதைவுகள் சிலவற்றுக்குக் காரணமான மெல்விசை அப்படி நடத்தாது. ஆகவே ஒரு கற்றையின் எலெக்ட்ரான்களில் பெரும்பகுதியை ஒரே கைப்பக்கம் திருப்பி இலக்கில் மோதவிட்டு, சிதறியவற்றை எண்ணி, பிறகு கையை மட்டும் மாற்றி மீண்டும் எண்ணினால், எஞ்சும் வேறுபாடு மெல்விசையின் கைவரிசை. இப்படித் திருப்பப்பட்ட கற்றையையே முனைவாக்கம் பெற்ற கற்றை என்கிறோம்.

1978இல் கலிபோர்னியாவின் ஸ்டான்ஃபோர்டு முடுக்கி மையத்தில் சார்லஸ் பிரஸ்காட், ரிச்சர்ட் டெய்லர் குழுவினர் இதைச் செய்துகாட்டினார்கள். காலியம் ஆர்சனைடு படிகத்தின்மேல் வட்ட முனைவாக்கம் பெற்ற, அதாவது வலக்கையோ இடக்கையோ கொண்ட, லேசர் ஒளியைப் பாய்ச்சி எலெக்ட்ரான்களைக் கிளப்பினார்கள். ஒளியின் கை மாறினால் எலெக்ட்ரானின் கையும் மாறும். கிடைத்த வேறுபாடு ஏறத்தாழப் பத்தாயிரத்தில் ஒரு பங்கு. இவ்வளவு சிறிய எண்ணை யார் நம்புவார்கள்? அதற்கு அவர்கள் வைத்த சோதனைதான் எனக்கு மிகவும் பிடித்தது. காந்தங்கள் கற்றையை வளைக்கும்போது, தற்சுழற்சி கற்றையைவிடக் கூடுதலாகத் திரும்பும். எவ்வளவு என்பது ஆற்றலைப் பொறுத்தது. ஆற்றலை 16.2 கிகா எலெக்ட்ரான் வோல்ட்டிலிருந்து 19.4க்கு உயர்த்தினால் தற்சுழற்சி மேலும் அரைச்சுற்றுத் திரும்பும், அதாவது கை மாறிவிடும், வேறுபாட்டின் குறியும் தலைகீழாக வேண்டும். அப்படியே ஆயிற்று.

இன்று தேடப்படுவது, நேரடியாக உருவாக்க முடியாத கனத்த துகள்கள் அந்த வேறுபாட்டில் விட்டுச்செல்லக்கூடிய தடயம். அமெரிக்காவின் ஜெஃபர்சன் ஆய்வகத்தில் புரோட்டானைக் கொண்டு அளந்து 2018இல் வெளியிட்ட வேறுபாடு, 100 கோடியில் ஏறத்தாழ 227 பங்கு. அது, துகள்களையும் விசைகளையும் விளக்கும் இன்றைய கோட்பாடான திட்ட மாதிரியின் கணிப்போடு ஒத்துப்போனது. அங்கேயே திட்டமிடப்பட்டுள்ள மோலர் சோதனை, எலெக்ட்ரானோடு எலெக்ட்ரானை மோதவிட்டு, 100 கோடியில் 33 பங்கு அளவிலான வேறுபாட்டைத் தேடப்போகிறது.

புரோட்டான் சோதனையில் கற்றையின் கையை நொடிக்கு ஏறத்தாழ ஆயிரம் முறை மாற்றினார்கள். அதுவும் போதாதென்று, சில மணி நேரத்துக்கு ஒருமுறை லேசரின் வழியில் ஒரு மெல்லிய தகட்டைச் செருகினார்கள். மின்கருவிகளில் எதுவும் மாறாது, கை மட்டும் தலைகீழாகும். அப்போதும் குறி மாறாத பகுதி ஏதேனும் எண்ணில் இருந்தால், அது மின்கருவிகளிலிருந்து வந்தது.