56 வருஷம்தான் தலைநகரம்! பாக்தாத்தை விட்டுட்டு கலீஃபாக்கள் ஏன் சமாரா போனாங்க?

[திரையில்: வெட்டவெளி நடுவே சுருள் கோபுரம், மேலிருந்து எடுத்த காட்சி]

இந்தக் கோபுரத்தைக் கொஞ்சம் நல்லாப் பாருங்க. உயரம் 52 மீட்டர். உள்ளே படிக்கட்டு தேட வேண்டாம், ஏறுற பாதை முழுக்க வெளியிலதான் இருக்கு. கோபுரத்தைச் சுத்திச் சுத்தி மேல போகுது, போகப் போக ஒடுங்குது. கட்டி முடிச்சு 1,100 வருஷத்துக்கு மேல ஆச்சு. ஈராக்கோட 250 தீனார் நோட்டுல இந்தப் படம்தான் இருக்கு.

ஊர் பேரு சமாரா. பாக்தாத்துக்கு வடக்கே சுமார் 125 கிலோமீட்டர், டைக்ரிஸ் நதிக்கரை. முஸ்லிம் உலகத்தோட ஆட்சியாளர்களான கலீஃபாக்கள் ஆண்ட அப்பாஸியப் பேரரசுக்கு 836-லேர்ந்து 892 வரைக்கும் தலைநகரம். ஒரு படையையும் பொதுமக்களையும் தனித்தனியாப் பிரிச்சு வைக்கணும்னு கட்டின ஊர் இது. அந்தப் படையே பின்னாடி கலீஃபாக்களைக் கொல்ல ஆரம்பிச்சுச்சு. அந்தக் கதைதான் இன்னைக்கு.

வணக்கம் மக்களே! பின்னணியை வேகமா முடிச்சுடலாம். 750-ல், அதுவரைக்கும் ஆண்ட உமய்யா வம்சத்தைத் தோற்கடிச்சு அப்பாஸியர்கள் ஆட்சிக்கு வர்றாங்க. 762-ல் கலீஃபா மன்சூர் பாக்தாத்தைக் கட்டத் தொடங்குறார். வட்ட வடிவ நகரம், நாலு வாசல், நடுவுல அரண்மனையும் பள்ளிவாசலும். தரையில சாம்பலால கோடு போட்டு, அது மேல எண்ணெயில நனைச்ச பருத்திக்கொட்டையைப் பரப்பிக் கொளுத்தி, நெருப்புக் கோடாவே நகரத்தோட வரைபடத்தை மன்சூர் பார்த்தார்னு வரலாற்றாசிரியர் தபரி எழுதியிருக்கார். அதுக்கே தனி வீடியோ போடணும், போடுறேன். ஹாரூன் ரஷீத் செத்ததும் அவர் மகன்கள் அமீனும் மஃமூனும் சண்டை போட்டுக்கறாங்க. 812, 813-ல பாக்தாத் முற்றுகையில சிக்கிச் சின்னாபின்னமாகுது. அவங்க தம்பி முஃதஸிம் 833-ல கலீஃபா ஆகுறார். நம்ம ஆளு இவர்தான்.

பழைய படைகள் மேல முஃதஸிமுக்கு நம்பிக்கை இல்லை. அண்ணன் தம்பி சண்டையில எந்தப் படை எந்தப் பக்கம் சாஞ்சுதுன்னு கண்ணால பார்த்தவர். அதனால மத்திய ஆசியாவுலேர்ந்து துருக்கிய இளைஞர்களை அடிமைகளா விலைக்கு வாங்கி, பயிற்சி கொடுத்து, சொந்தமா ஒரு படை சேர்க்கறார். ஊர்ல சொந்தம் கிடையாது, கட்சி கிடையாது, எஜமானைத் தவிர யாரும் இல்லை, அதனால விசுவாசமா இருப்பாங்கன்னு கணக்கு.

ஆனா இந்தத் துருக்கியக் குதிரை வீரர்கள் பாக்தாத் சந்தைத் தெருவுல பாய்ஞ்சு போறாங்க. கிழவர், குழந்தைன்னு பார்க்கறது இல்லை, மிதிச்சுட்டுப் போயிடறாங்க. மக்கள் சும்மா இருப்பாங்களா? சந்துல தனியா மாட்டின வீரனை அடிச்சே கொன்னுடறாங்க.

தபரி இங்க ஒரு சம்பவம் சொல்றார். பெருநாள் தொழுகை முடிஞ்சு கலீஃபா குதிரையில திரும்பி வர்றார். வழியில ஒரு கிழவர் குறுக்க வந்து, "அபூ இஸ்ஹாக்!"னு கூப்பிடறார். கலீஃபாவைப் பட்டம் எதுவும் சொல்லாம, வீட்டுப் பேரைச் சொல்லி! காவலர்கள் அடிக்கப் பாயறாங்க. முஃதஸிம் தடுத்துட்டு, என்ன வேணும்னு கேக்கறார். இந்த ஆளுங்களைக் கொண்டு வந்து எங்க நடுவுல குடி வெச்சே, எங்க பிள்ளைங்களை அநாதை ஆக்கினே, பெண்களை விதவை ஆக்கினேன்னு கிழவர் முகத்துக்கு நேரா சொல்றார். முஃதஸிம் பதில் பேசாம வீட்டுக்குப் போயிட்டார். அடுத்த வருஷம் அதே பெருநாள்ல தொழுகை முடிஞ்சதும் வீட்டுக்குத் திரும்பாம அப்படியே வடக்க கிளம்பிட்டாராம். எனக்கு அந்தக் கிழவர் மேல பெரிய மரியாதை. பேர்கூடத் தெரியாத ஒருத்தர், உலகத்துலயே சக்தி வாய்ந்த மனுஷனை நிறுத்தி நியாயம் கேட்டிருக்கார்.

புது இடத்துல கிறிஸ்தவத் துறவிகளோட மடம் ஒண்ணு இருந்துச்சு. நிலத்தைப் பறிக்காம காசு கொடுத்தே வாங்கறார். இனி வர்றதுதான் இந்த வீடியோவுல எனக்கு ரொம்பப் பிடிச்ச இடம். யாகூபின்னு ஒரு புவியியலாளர், சமாரா தலைநகரமா இருந்த அதே நூற்றாண்டுல வாழ்ந்தவர், ஊர் எப்படிப் பிரிக்கப்பட்டுச்சுன்னு தெருத் தெருவா எழுதி வெச்சிருக்கார். மத்திய ஆசியாவுல இருக்கிற ஃபர்கானாவுலேர்ந்து வந்தவங்களுக்குத் தனி இடம். அதே பக்கத்து உஷ்ரூஸனாக்காரங்களுக்கு அவங்க தளபதி அஃப்ஷீன் தலைமையில தனி இடம். துருக்கியர்களுக்கு, அஷ்னாஸ்ங்கற தளபதிக்குக் கீழே, சந்தைக் கூட்டம் எட்டாத தூரத்துல தனிக் குடியிருப்பு. வெளியாளுங்களோட, வியாபாரிகளோட கலக்கக் கூடாதுன்னு உத்தரவு.

கல்யாணம்? அதையும் அரசாங்கமே பார்த்துக்கிச்சு! துருக்கிய வீரர்களுக்குன்னே அடிமைப் பெண்களை வாங்கி, கல்யாணம் பண்ணி வெச்சிருக்காங்க. உள்ளூர்ல பொண்ணு எடுக்கக் கூடாது. அந்தப் பெண்களோட பேரைப் பதிவேட்டுல எழுதி, மாசாமாசம் படி கொடுத்திருக்காங்க. எந்த வீரனும் மனைவியைத் தலாக் சொல்லவோ விட்டுட்டுப் போகவோ முடியாது. கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க. விலைக்கு வாங்கின ஆணுக்கு விலைக்கு வாங்கின பெண்ணைக் கட்டி வெச்சு, ரெண்டு பேர் வாழ்க்கையையும் ஒரு கணக்குப் புத்தகத்துல அடக்கியிருக்காங்க. அந்தப் பெண்கள்கிட்ட யாராவது விருப்பம் கேட்டாங்களான்னு யாகூபி எழுதலை. இந்தப் பக்கத்தைப் படிக்கும்போது எனக்கு மனசு கனத்துப் போச்சு.

தண்ணியும் பிரச்சினைதான். ஊர் மேட்டு நிலத்துல இருக்கு. கிணறு தோண்டினா ரொம்ப ஆழம், அதுவும் உப்புத் தண்ணி. டைக்ரிஸ்லேர்ந்து கோவேறு கழுதையிலயும் ஒட்டகத்துலயும் சுமந்து கொண்டு வந்தாங்க. அப்படியும் ஊர் வளர்ந்துச்சு. இன்னைக்கு இடிபாடுகள் நதிக்கரையோரமா 40 கிலோமீட்டருக்கு மேல நீளுது. பெரும்பாலும் சுடாத மண் கல்லால கட்டின ஊர். கைவிட்ட பிறகு பெரும்பகுதி மேல யாரும் புதுசாக் கட்டலை. அதனால முதல் உலகப் போர்ல பிரிட்டிஷ் விமானங்கள் மேலே பறந்தப்போ தெரு, வீடு, குதிரைப் பந்தயப் பாதை எல்லாம் தரையில கோடு கோடாத் தெரிஞ்சுது.

[திரையில்: பெரிய பள்ளிவாசலின் வெளிச்சுவர்]

கோபுரத்துக்கு வருவோம். முஃதஸிமோட மகன் முதவக்கில், 847-ல பதவிக்கு வர்றார். அவர் கட்டின பெரிய பள்ளிவாசல் 852-ல முடியுது. நீளம் 239 மீட்டர், அகலம் 156 மீட்டர். கிட்டத்தட்ட அஞ்சு கால்பந்து மைதானம் உள்ளே அடங்கும்! இப்போ கூரையும் தூணும் போயிடுச்சு, சுட்ட செங்கல் வெளிச்சுவர் மட்டும் அரை வட்டத் தாங்கு கோபுரங்களோட நிக்குது. நாம பார்த்த சுருள் மினாரா சுவருக்கு வெளியில தனியா இருக்கு. அதோட நிக்கலை மனுஷன். 859-ல இன்னும் வடக்க தன் பேர்லயே இன்னொரு புது நகரம், முதவக்கிலிய்யா. அங்கயும் ஒரு பள்ளிவாசல், அங்கயும் சின்னதா ஒரு சுருள் மினாரா. வாய்க்கால் வெட்டினாங்க, தண்ணி சரியா வரலை.

861 டிசம்பர். இரவு விருந்துல இருந்த முதவக்கில் மேல துருக்கியக் காவலர்கள் வாளோட பாயறாங்க. அவரும் நண்பர் ஃபத்ஹ் இப்னு காக்கானும் அங்கேயே சாகறாங்க. சதியில மகன் முன்தஸிருக்கும் பங்குன்னு அப்பவே பேச்சு. அவர்தான் அடுத்த கலீஃபா. ஆறே மாசத்துல அவரும் போயிட்டார். 870-க்குள்ள நாலு கலீஃபாக்கள் வந்து போயிட்டாங்க.

அதுல முஃதஸ் பதவி ஏத்தப்போ, இவர் எத்தனை வருஷம் இருப்பார்னு அரசவையில சோதிடர்களைக் கூப்பிட்டுக் கேட்டாங்களாம். அங்க இருந்த ஒருத்தர், "எனக்கு இவங்களைவிட நல்லாத் தெரியும், துருக்கியர்கள் எவ்வளவு நாள் விரும்பறாங்களோ அவ்வளவு நாள்"னு சொல்ல, சபையே சிரிச்சுதாம். 869-ல வீரர்கள் சம்பள பாக்கி கேட்டு வர்றாங்க. 50,000 தீனார் கொடுத்தா போதும்னு இறங்கி வர்றாங்க. முஃதஸ், தன் அம்மா கபீஹாகிட்ட கேக்கறார். அம்மா இல்லைன்னு கைவிரிச்சுட்டாங்க. மகனை அடைச்சு வெச்சு, சோறு தண்ணி இல்லாமக் கொன்னாங்க. அப்புறம் கபீஹா ஒளிச்சு வெச்சிருந்த புதையல் வெளியில வருது. பத்து லட்சம் தீனாருக்கும் மேல!

படைக்குச் சம்பளம் கொடுக்க முடியாத அரசு, அந்தப் படையோட காவல்லயே குடியிருந்துச்சு. வீரர்களைக் குறை சொல்லி முடிச்சுட முடியாதுங்கறது என் கருத்து. ஊரோட ஒட்டாம, சம்பளத்தை மட்டுமே நம்பி வாழற மாதிரி அவங்களை வளர்த்தது அரண்மனைதான். சம்பளம் நின்னா அவங்களுக்கு வேற என்ன வழி இருந்துச்சு? நீங்க மாத்தி நினைச்சா கீழே எழுதுங்க, எல்லாத்தையும் படிக்கிறேன்.

இதே ஊர்ல வளர்ந்த ஒரு துருக்கிய அடிமை வீரரோட மகன் அஹ்மத் இப்னு துலூன், 868-ல எகிப்துக்கு நிர்வாகம் பண்ணப் போய், அங்க தனி அரசாவே ஆகிட்டார். கெய்ரோவுல இருக்கிற அவரோட பள்ளிவாசல் மினாராவுல வெளிப்பக்கமாச் சுத்தி ஏறுற படி இருக்கு, சமாரா சாயல் அப்படியே தெரியும்.

892-ல அரசவை பாக்தாத்துக்கே திரும்பிடுச்சு. அரண்மனைகள் காலி. ஆனா ஊர் முழுசாச் சாகலை. ஷியா முஸ்லிம்களோட பத்தாவது இமாம் அலீ அல்-ஹாதியை மதீனாவுலேர்ந்து வரவழைச்சு, கண்ணுல படுற தூரத்துலயே இருக்கட்டும்னு சமாராவுல குடி வெச்சது இதே முதவக்கில்தான். அவர் 868-லயும், மகன் ஹஸன் அல்-அஸ்கரி 874-லயும் இங்கேயே இறந்து, வீட்டுலயே அடக்கமானாங்க. கலீஃபாக்கள் கிளம்பின பிறகு ஊருக்கு ஆள் வந்துகிட்டே இருந்தது இவங்க அடக்கத்தலத்துக்குத்தான். 2006 பிப்ரவரியில குண்டு வெச்சு அதோட தங்கக் குவிமாடத்தைத் தகர்த்தாங்க, அடுத்த வருஷம் ரெண்டு மினாராவையும். சுருள் கோபுரத்தோட உச்சியும் 2005-ல குண்டுவெடிப்புல சேதமாச்சு. தங்கக் குவிமாடத்தைத் திரும்பக் கட்டிட்டாங்க, இப்பவும் லட்சக்கணக்குல ஸியாரத்துக்கு, அதாவது அடக்கத்தலத்தைத் தரிசிக்க, வர்றாங்க. 2007-ல யுனெஸ்கோ சமாராவை உலகப் பாரம்பரியச் சின்னமா அறிவிச்சு, ஆபத்துல இருக்கிற இடங்கள் பட்டியல்லயும் சேர்த்துச்சு. பழைய நகரத்துல 80 சதவீதம் இன்னும் தோண்டவே இல்லை.

உங்க வீட்டுல யாராவது ஈராக்குக்கு ஸியாரத் போயிருந்தா, வேலைக்குப் போய் சமாரா பக்கம் இருந்திருந்தா, அங்க பார்த்ததைக் கமெண்ட்ல எழுதுங்க. அடுத்த வீடியோ இப்னு துலூன் எகிப்துல கட்டின தலைநகரம் பத்தி. 905-ல அப்பாஸியப் படை வந்து அந்தப் பள்ளிவாசலை மட்டும் விட்டுட்டு மொத்த ஊரையும் இடிச்சுது.