கதவருகே சொல்லும் சேதி

நேயர்களுக்கு வணக்கம். பெருந்தொற்று என்றதும் தீவிர சிகிச்சைப் பிரிவும் வென்டிலேட்டரும்தான் நினைவுக்கு வரும். ஆனால் காய்ச்சல் கண்டவர் முதலில் கூப்பிடுவது குடும்ப டாக்டரை. அப்படி ஒரு குடும்ப டாக்டராக, எங்கள் அன்றாட வேலை எப்படி மாறியது என்பதைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன்.

2020 மார்ச் 11 அன்று உலக சுகாதார நிறுவனம் கோவிட்டைப் பெருந்தொற்று என்று அறிவித்தது. அதற்கடுத்த வாரங்களில் பல நாடுகளில் கிளினிக்குகளின் காத்திருப்பு அறைகள் காலியாகிவிட்டன. நோயாளிகளை ஒன்றாக உட்கார வைப்பதே ஆபத்து என்று ஆனபிறகு வேறு வழி? முதலில் போனில் பேசுவது, அவசியமானால் மட்டும் வரச்சொல்வது என்று வேலை முறையே தலைகீழானது.

போனில் மூச்சுத்திணறலைக் கண்டுபிடிப்பது லேசுப்பட்ட காரியமல்ல. "மூச்சு வாங்குகிறதா?" என்று கேட்டால், "அதெல்லாம் இல்லை டாக்டர்" என்று சொல்லிவிடுபவர்கள் உண்டு. அதனால் கேள்வியை மாற்றிக் கேட்போம். நேற்று செய்த எந்த வேலை இன்று முடியவில்லை? குளித்துவிட்டு வந்ததும் உட்காரத் தோன்றியதா? அவர் பதில் சொல்லும்போது வாக்கியம் முழுசாக வருகிறதா, பாதியில் மூச்சுக்கு நிற்கிறாரா என்பதில்தான் நம் கவனம் இருக்கும். வழக்கமாக வளவளவென்று பேசுகிறவர் ஒற்றைச் சொல்லில் முடித்துக்கொண்டால் உடனே உஷாராகிவிடுவோம். நோயாளியோடு பல வருடப் பழக்கம் இல்லாத டாக்டருக்கு இது பிடிபடாது.

கோவிட்டில் இன்னொரு சிக்கல், சிலருக்கு ரத்தத்தில் ஆக்சிஜன் குறைந்த பிறகும் மூச்சு முட்டுவதே தெரியவில்லை. விரலில் மாட்டி ரத்தத்தின் ஆக்சிஜன் அளவைப் பார்க்கும் பல்ஸ் ஆக்சிமீட்டர் வீடுகளுக்குள் வந்தது அதனால்தான். ஆரோக்கியமானவருக்கு அது பொதுவாக 95 சதவீதமோ அதற்கு மேலோ காட்டும். ஆனால் விரல் சில்லிட்டிருந்தாலோ நகப்பூச்சு இருந்தாலோ கணக்கு தப்பும். கருத்த தோல் உள்ளவர்களுக்குச் சில சமயம் உண்மையான அளவைவிடக் கூடுதலாகவே காட்டும். கருவி நல்ல எண்ணைக் காட்டினாலும் ஆள் சோர்ந்து போயிருந்தால், நான் ஆளைத்தான் நம்புவேன்.

சரி, போனில் முடியாதது என்ன? வயிற்றை அழுத்திப் பார்க்க முடியாது. நோயாளி பக்கத்தில் யார் நின்று கேட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்பதும் நமக்குத் தெரியாது. எனக்குப் பெரிய இழப்பு வேறொன்று. சளி, இருமல் என்று எல்லாம் பேசி முடித்து, மருந்துச் சீட்டையும் வாங்கிக்கொண்டு, கதவருகே போன பிறகு நோயாளி திரும்புவார்: "அப்புறம் டாக்டர், மார்பில் ஒரு கட்டி மாதிரி இருக்கிறது..." வந்த காரணமே பல நேரம் அதுதான். போனை வைத்துவிட்டால் அந்தக் கதவு கிடையாது. அதனால் இப்போதெல்லாம் பேசி முடித்த பிறகும் அழைப்பைத் துண்டிக்காமல் கொஞ்சம் சும்மா இருப்பேன்.

பெருந்தொற்றில் கவனிக்கப்படாமல் தள்ளிப்போனது கட்டிகள் மட்டுமா? 2020-ல் உலகெங்கும் சுமார் 2 கோடியே 30 லட்சம் குழந்தைகளுக்கு அடிப்படைத் தடுப்பூசிகள் முழுமையாகக் கிடைக்கவில்லை. சர்க்கரை, ரத்த அழுத்தப் பரிசோதனைகளும் பின்தங்கின. தொற்று தணிந்ததும் டாக்டர்களுக்கு ஓய்வு கிடைத்திருக்கும் என்று நினைப்பார்கள். விட்டுப்போன நோய்களெல்லாம் முற்றிய நிலையில் வந்து நின்றது அப்போதுதான்.

போன் ஆலோசனை இனி போகப் போவதில்லை, போகவும் வேண்டாம். பரிசோதனை முடிவைக் கேட்கவோ, வழக்கமான மாத்திரையைத் தொடர்வதா என்று கேட்கவோ அது போதும். புதிதாக ஒரு கட்டி, காரணமில்லாமல் எடை குறைவது, விடாத வயிற்றுவலி என்றால் நேரில் வாருங்கள். நெஞ்சுவலி என்றால் என்னைக்கூடக் கூப்பிட வேண்டாம், முதலில் ஆம்புலன்ஸை அழையுங்கள். நன்றி, வணக்கம்.