ரோஜாக் கதையின் விலை எதில் இருந்தது?

நேயர்களுக்கு வணக்கம்.

14ஆம் நூற்றாண்டுப் பாரிஸில் பிரெஞ்சு மொழிக் கதைப் புத்தகம் வாங்க நினைத்தவர், நோத்ருதாம் பேராலயத்தின் எதிரே இருந்த புதிய நோத்ருதாம் தெருவுக்குத்தான் போவார். கடையில் உடனே கையில் கிடைப்பது பெரும்பாலும் ஏற்கெனவே ஒருவர் படித்த பிரதி. புதிது வேண்டுமென்றால் சொல்லிச் செய்யவேண்டும். எழுதுவதற்குப் பதப்படுத்திய ஆட்டுத் தோல் வாங்குவது, கையால் நகலெடுக்கும் எழுத்தரைப் பிடிப்பது, ஓவியருக்குப் பிரித்துக் கொடுப்பது, தைத்துக் கட்டுவது எல்லாம் கடைக்காரர் பொறுப்பு. அவரை விற்பனையாளர் என்பதைவிட ஒப்பந்தக்காரர் என்பதே சரி.

பல்கலைக்கழகத்தின் முன் சத்தியம் செய்த பிறகே அவர் அங்கே தொழில் நடத்தலாம். ஆசிரியரும் மாணவரும் வாங்கும் புத்தகத்துக்குத் தரகு லிவ்ருக்கு 4 தெனியே. அன்றைய பிரெஞ்சு நாணயக் கணக்கில் ஒரு லிவ்ர் 240 தெனியே, ஆக அறுபதில் ஒரு பங்கு. லத்தீன் பாடநூலுக்குச் சரிபார்த்த மூலப்படி உண்டு. அதைப் பகுதி பகுதியாக வாடகைக்கு எடுத்து நகலெடுக்கலாம். பிரெஞ்சுக் கதைகளுக்கு அந்த ஏற்பாடு கிடையாது. கடைக்காரர் கையில் எந்தப் பிரதி கிடைத்ததோ அதுவே மூலம், அதிலுள்ள பிழையும் சேர்த்து.

அன்று மிகவும் விரும்பப்பட்ட 'ரோஜாக் கதை'யையே எடுத்துக்கொள்வோம். கியோம் த லோரிஸ் தொடங்கி, ழான் த மோன் முடித்த காவியம். ஏறத்தாழ 21,700 அடிகள். பக்கத்துக்கு, செய்தித்தாளில் வருவதுபோல அருகருகே இரண்டு பத்தி, பத்திக்கு 40 வரி என்றால் ஓர் ஏட்டின் இரு பக்கத்திலும் 160 அடி. அப்படியானால் 136 ஏடு. எட்டு ஏடு கொண்ட மடிப்பு, நம் அச்சகங்களில் ஃபாரம் என்பார்களே, அதுபோல 17. படத்துக்கு விடும் இடம் தனி. ஒரு தோலில் நான்கு ஏடு தேறினால் 34 ஆடுகள்! செலவு எங்கே ஏறுகிறது என்று இப்போது தெரிந்திருக்கும்.

எழுத்தர் படத்துக்கு வெற்றிடம் விட்டுப் போவார். என்ன வரையவேண்டும் என்று ஓரத்தில் சிறு குறிப்பு இருக்கும். கட்டும்போது ஓரத்தை வெட்டினால் அதுவும் போய்விடும். கதையைப் படிக்காமல் குறிப்பை மட்டும் பார்த்து வரைந்தால், கதையில் நிற்கும் அரசன் படத்தில் வழக்கம்போல உட்கார்ந்திருப்பான்.

அந்தத் தெருவில் ரிஷார் த மோன்பாஸ்தோன் என்பவரும் அவர் மனைவி ழானும் இந்தத் தொழிலில் இருந்தார்கள். கணவர் இறந்தபின் 1353இல் ழான் தன் பெயரிலேயே சத்தியம் செய்தார். அவர் வரைந்ததாக ஆய்வாளர்கள் கருதும் ஒரு ரோஜாக் கதைப் பிரதி பிரான்ஸின் தேசிய நூலகத்தில் இருக்கிறது. அதன் அடி ஓரங்களில் கதைக்குச் சம்பந்தமில்லாத குறும்புப் படங்கள். சில வானொலியில் சொல்லத் தகாதவை. ஒரு பக்கத்தில் ஓர் ஆணும் பெண்ணும் ஏடு தயாரிக்கிறார்கள். முடிந்த தாள்கள் பின்னால் காய்கின்றன. இந்த ஓரப் படங்கள் வாசிக்கும் வரிசையில் தொடர்வதில்லை. மடித்த தாளை விரித்து வைத்து, அதன் இரு பாதியையும் சேர்த்தே வரைந்திருக்கிறார். தைத்ததும் அந்த இரு பாதியும் தனித்தனிப் பக்கங்களாக விலகிவிட்டன.

வாங்கியவர்கள்? அர்த்துவா சீமாட்டி மஹோ போன்ற பிரபுக்கள்தான் அதிகம். இதே தெருவின் தோமா த மொபேழ், பிரெஞ்சு அரசர்களின் வரலாற்றை 1318இல் ஒரு வாடிக்கையாளருக்காகச் செய்து தந்தார். அதே வரலாற்றை 1477இல் பாரிஸில் அச்சிட்டு வெளியிட்டார் பாஸ்கியே போனோம். பாரிஸில் அச்சேறிய முதல் பிரெஞ்சு மொழி நூல் அதுதான். அவரும் பல்கலைக்கழகத்தில் சத்தியம் செய்த புத்தக வணிகர்தான்.