ஒரே அட்டவணையில் எல்லோருடைய அளவீடும்

நேயர்களுக்கு வணக்கம்.

பள்ளி ஆய்வகத்தில் திருத்துவதற்காக அடுக்கி வைத்திருக்கும் செய்முறைக் குறிப்பேடுகளில் நான்கைந்தை எடுத்துப் புரட்டிப் பாருங்கள். தனி ஊசல் சோதனை இருக்கும் பக்கத்தில் புவியீர்ப்பு முடுக்கம் 9.8 என்று எழுதியிருக்கும். அடுத்த குறிப்பேட்டிலும் 9.8. அதற்கடுத்ததிலும் அதேதான். நூலும் கடிகாரமும் பதறும் கையும் சேர்ந்து எடுத்த அளவு இத்தனை பேருக்கும் இவ்வளவு ஒழுங்காக வர வழியே இல்லை. விடையை முதலில் எழுதிவிட்டு, அதற்குத் தோதான எண்களைப் பின்னால் நிரப்பியிருக்கிறார்கள். பிள்ளைகளைக் குறை சொல்வதில் பயனில்லை. 9.8 வந்தால் முழு மதிப்பெண், வராவிட்டால் சிவப்பு மை என்று வைத்தால் யாராக இருந்தாலும் இதைத்தான் செய்வார்கள்.

இணையத்தில் பலர் ஒரே நேரத்தில் கூடி எழுதும் கருவிகளை அறிவியல் வகுப்பில் எப்படிப் பயன்படுத்தலாம் என்று பேச என்னை அழைத்திருக்கிறார்கள். பகிர் ஆவணம், படம் வரையும் பொதுப் பலகை, செயல்விளக்கத் தளங்கள் என்று பல இருக்கின்றன. என்னைக் கேட்டால், முதலில் வேண்டியது இவற்றுள் மிகச் சாதாரணமான ஒன்று: வகுப்பே சேர்ந்து நிரப்பும் ஒரு விரிதாள், அதாவது கட்டம் கட்டமாக எண்களைப் பதியும் கணினி அட்டவணை.

அதே ஊசலை எடுத்துக்கொள்வோம். எட்டுக் குழுக்கள். எல்லோருக்கும் நூலின் நீளம் ஒரு மீட்டர். 20 அலைவுகளுக்கு ஆகும் நேரத்தை அளந்து, தங்கள் குழுவுக்குரிய கட்டத்தில் உடனே பதிய வேண்டும். கணக்கின்படி 40.1 விநாடி வர வேண்டும். தாளில் எண்கள் ஒவ்வொன்றாக விழுகின்றன: 40.3, 39.9, 40.0, 40.4... ஐந்தாவது குழு 38.1 என்று பதிகிறது. வகுப்பு சலசலக்கிறது. அந்த எண்ணை வைத்துக் கணக்கிட்டால் முடுக்கம் ஏறக்குறைய 10.9 வரும். தனிக் குறிப்பேடாக இருந்திருந்தால் அந்த 38.1 அழிப்பானுக்கு இரையாகியிருக்கும். இங்கே எல்லோர் கண்ணிலும் பட்டுவிட்டது.

ஆசிரியர் இப்போது வாயைத் திறக்கக் கூடாது என்பது என் கட்சி. சிறிது நேரம் பொறுத்தால் வேறொரு குழுவிலிருந்து ஒரு பிள்ளை கேட்கும்: மற்றவர்களுடைய எண்ணுக்கும் இதற்கும் வித்தியாசம் ஏறக்குறைய 2 விநாடி, ஓர் அலைவுக்கு ஆகும் நேரமும் 2 விநாடிதானே? விஷயம் பிடிபட்டுவிடும். குண்டை விட்ட கணத்தில் ‘சுழியம்’ என்று தொடங்காமல் ‘ஒன்று’ என்று எண்ணத் தொடங்கியிருக்கிறார்கள். 20 என்று நினைத்து 19 அலைவுகளை அளந்திருக்கிறார்கள். மற்ற ஏழு எண்களும் பக்கத்தில் இல்லாமல் இதை யாரும் கண்டுபிடித்திருக்க முடியாது. இன்னொன்றும் தானாகவே புலப்படும். தவறே செய்யாத குழுக்களுக்கும் எண்கள் ஒன்றுபோல் இல்லை. கடிகாரத்தை அழுத்தும் விரலுக்குத் தாமதம் உண்டு. அளவீடு என்றால் சிதறல் இருக்கும் என்பதைப் பாடநூலில் பத்தி பத்தியாகப் படிப்பதைவிட இந்த ஒரு நெடுவரிசை நன்றாகச் சொல்லிவிடும்.

இதற்குச் சில கட்டுப்பாடுகள் தேவை. பதிந்த அளவை அழிக்கக் கூடாது. மறுபடி அளந்தால் புதிய வரிசையில் எழுத வேண்டும், பழையதன் பக்கத்தில் காரணத்தைக் குறிக்க வேண்டும். இந்தக் கருவிகளில் யார், எப்போது, எதை மாற்றினார்கள் என்ற திருத்த வரலாறு சேமிக்கப்படுகிறது. அதைக் காவல்துறை வேலைக்குப் பயன்படுத்தாமல், ஒரு முடிவு எப்படி உருவானது என்று காட்டப் பயன்படுத்தலாம். தாளில் பெயர் வேண்டாம், குழு எண் போதும். கூச்ச சுபாவமுள்ள பிள்ளை தன் எண் தனித்து நிற்பதைப் பார்த்துச் சுருண்டுவிடக் கூடாது. தாளைத் திறக்கும் இணைப்பும் வகுப்புக்கு வெளியே போகக் கூடாது. கருவி எல்லோரிடமும் இருக்க வேண்டியதில்லை. குழுவுக்கு ஒன்று இருந்தாலே தாராளம். ஆசிரியரிடம் மட்டும் கணினி இருந்தாலும், குழுக்கள் எண்ணைச் சொல்லச் சொல்ல அவர் தட்டச்சு செய்துவிடலாம்.

சேர்ந்து கட்டுரை எழுதுவது, சேர்ந்து படவில்லைகள் தயாரிப்பது இவற்றில் எனக்கு அவ்வளவு நம்பிக்கை இல்லை. ஊர் கூடித் தேர் இழுப்பதுபோலத்தான்: இழுப்பவர் நான்கு பேர், வடத்தைத் தொட்டுக்கொண்டு வருபவர் நாற்பது பேர். எழுத்தின் நிறத்தை மாற்றுவதிலேயே பாதி நேரம் போய்விடும். அளவீட்டில் அப்படி ஒளிந்துகொள்ள முடியாது. தன் கட்டம் காலியாக இருந்தால் அது தெரிந்துவிடும்.

அறிவியல் அறிஞர்களும் இப்படித்தான் வேலை செய்கிறார்கள் என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும். நாம் பயன்படுத்தும் உலகளாவிய வலையே, 1989-இல் செர்ன் என்ற ஐரோப்பிய அணுத்துகள் ஆய்வு மையத்தில் டிம் பெர்னர்ஸ் லீ, ஆய்வாளர்கள் தகவலைப் பகிர்ந்துகொள்வதற்காக முன்வைத்த யோசனைதான். அங்கே நடந்த சோதனைகளிலிருந்து ஹிக்ஸ் போசான் என்ற அடிப்படைத் துகளின் நிறையைக் கணித்து 2015-இல் வெளியான கட்டுரைக்கு ஆசிரியர்கள் 5,154 பேர். மொத்தம் 33 பக்கங்களில் ஆய்வைப் பற்றியவை 9 பக்கங்கள்தான், மீதியெல்லாம் பெயர்ப் பட்டியலும் நிறுவனங்களும்! 2007-இல் தொடங்கிய கேலக்ஸி ஸூ திட்டத்தில் விண்மீன் மண்டலங்களின் படங்களைப் பொதுமக்கள் வகைப்படுத்தினார்கள். அந்த ஆண்டே ஹன்னி வான் ஆர்கெல் என்ற டச்சுப் பள்ளி ஆசிரியை, ஒரு மண்டலத்தின் அருகே புரியாத ஒளித்திட்டு ஒன்றைக் கண்டு, இது என்ன என்று கேட்டார். அது ஒளியூட்டப்பட்ட மாபெரும் வாயுத் திரள் என்று பின்னர் தெரியவந்தது. இன்று அது அவர் பெயராலேயே அழைக்கப்படுகிறது.

வகுப்பறைக்கு வெளியே வேறொரு பள்ளியோடு சேர்ந்து செய்ய ஏற்ற சோதனை, கிரேக்க அறிஞர் எரடோஸ்தனீஸ் 2,200 ஆண்டுகளுக்கு முன் செய்தது. வடக்கு தெற்காக 500 கிலோமீட்டர் இடைவெளியுள்ள இரு பள்ளிகள் ஒரே நாளில் ஒரு மீட்டர் கோலைச் செங்குத்தாக நட்டு, நண்பகல் நிழலை அளக்கின்றன. இரண்டு இடங்களிலும் சூரியக் கதிரின் கோணம் ஏறக்குறைய 4.5 பாகை வேறுபடும். முழு வட்டத்தில் அது 80-இல் ஒரு பங்கு. 500-ஐ 80-ஆல் பெருக்கினால் 40,000 கிலோமீட்டர், பூமியின் சுற்றளவு கிடைத்துவிடும். ஒரு பள்ளியால் தனியாக இதைச் செய்யவே முடியாது. இதிலும் ஒரு சிக்கல் காத்திருக்கிறது. நண்பகல் என்பது கடிகாரத்தில் 12 மணி ஆவதைக் குறிப்பதில்லை. நிழல் மிகக் குறுகும் நேரமே நண்பகல். கடிகாரத்தை நம்பிய பள்ளியின் எண் இடறும். ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை நிழலை அளந்து பொதுத்தாளில் பதிந்தால், எந்த நிமிடம் வரை அது குறுகி எந்த நிமிடத்தில் மீண்டும் நீளத் தொடங்குகிறது என்பதை இரு வகுப்புகளும் ஒன்றாகவே பார்க்கலாம்.

கடைசியாக மதிப்பெண். தாள் பொதுவானாலும் மதிப்பெண் 9.8-க்கே என்றால் பிள்ளைகள் பக்கத்துக் கட்டத்தைப் பார்த்துத் தங்கள் எண்ணை மாற்றுவார்கள். பழைய கதை புதிய கருவியில் தொடரும். அதனால் பத்து மதிப்பெண்ணில் எண்ணின் துல்லியத்துக்கு இரண்டுக்கு மேல் தராதீர்கள். தன் எண் மற்றவர்களுடையதிலிருந்து ஏன் விலகியது, அல்லது ஏன் விலகவில்லை என்று எழுதும் நான்கு வரிகளுக்கு ஐந்து கொடுங்கள். மீதி மூன்று, அடுத்த குழுவின் எண்ணைப் பார்த்து ஒரு நல்ல கேள்வி கேட்டவருக்கு.

வணக்கம்.