பெட்டிக்கு முன் பூ

வணக்கம் நேயர்களே.

நான் தேனீ வளர்க்கிறேன் என்று தெரிந்ததும் பலரும் என்னிடம் முதலில் கேட்பது, "பெட்டி எங்கே கிடைக்கும்?" என்றுதான். நான் திருப்பிக் கேட்பேன்: "உங்கள் வீட்டைச் சுற்றி இப்போது என்ன பூத்திருக்கிறது?" கேட்டவர் சற்றுத் தடுமாறுவார். அன்றாடம் நடக்கிற தெருவில் நிற்கும் மரம் எப்போது பூக்கும், எப்போது ஓயும் என்று நாம் கவனிப்பதே இல்லை. தேனீ வளர்ப்பு அந்தக் கவனிப்பில்தான் தொடங்குகிறது. பெட்டியெல்லாம் பிறகு.

இதை நான் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. என் முதல் ஆண்டில் மாடியில் வைத்த பெட்டி நன்றாகவே செழித்தது. தேன் சேரும் அறையில் அடை கட்டுவதற்காக மாட்டிய மரச்சட்டங்கள் எல்லாம் கனத்துத் தொங்கின. மகிழ்ச்சியில் அத்தனை தேனையும் எடுத்துவிட்டேன். அதன்பின் அக்கம்பக்கத்து மரங்கள் பூத்து ஓய்ந்தன. சில வாரங்கள் கழித்து ஒரு காலையில் பெட்டியின் வாசலில் நடமாட்டமே இல்லை. மூடியைத் தூக்கினேன். அடைகள் அப்படியே இருந்தன. முட்டை இல்லை, புழு இல்லை, ஒரு சொட்டுத் தேன் இல்லை. அடிப்பலகையில் மெழுகுத்தூள் மட்டும் கிடந்தது. பசி தாங்காமல் தேனீக் குடும்பம் மொத்தமாகக் குடிபெயர்ந்துவிட்டது. பூ இல்லாத நாட்களுக்கென்று அவை சேர்த்துவைத்த உணவை நான் எடுத்துக்கொண்டேன். அவ்வளவுதான் நடந்தது. இன்றும் அந்த வெற்றுப் பெட்டி நினைவுக்கு வந்தால் எனக்கு மனம் கனக்கிறது.

நகரத்தில் தேனீக்கு என்ன கிடைக்கும் என்று சிலர் ஐயப்படுகிறார்கள். உண்மையில் நிறையவே கிடைக்கும். ஒரே பயிர் பரந்து கிடக்கும் வயல்வெளியில் இரண்டு வாரம் பூ கொட்டிக் கிடக்கும், பிறகு மாதக்கணக்கில் ஒன்றுமே இருக்காது. நகரத்தில் சாலையோர மரம், பூங்கா, தொட்டிச்செடி, வேலிக்கொடி என்று ஒன்று ஓய்ந்தால் இன்னொன்று பூக்கும். பாரிஸ் நகரின் பழைய ஓபரா அரங்கத்தின் கூரையில் 1980களிலேயே தேனீப் பெட்டிகள் வைக்கப்பட்டன. அவ்வளவு நெரிசலான நகரத்தின் நடுவிலும் அவை தேன் சேர்த்தன. ஆனால் இதற்கு ஓர் எல்லை உண்டு. ஒரு பெரிய தேனீக் குடும்பத்துக்கு ஆண்டுக்குச் சுமார் 20 கிலோ மகரந்தம் வேண்டும். உங்கள் மாடியிலுள்ள பத்துத் தொட்டிகள் அதற்குக் காணாது. தேனீக்கள் இரண்டு மூன்று கிலோமீட்டர் வரை பறந்து சென்று இரை தேடுகின்றன. ஆகவே உங்கள் பெட்டிக்கு ஊரே தோட்டம். அதே தோட்டத்தை நம்பி வேறு உயிர்களும் வாழ்கின்றன. பூக்களைக் கூட்டாமல் பெட்டிகளை மட்டும் கூட்டிக்கொண்டே போனால் எல்லாமே பட்டினி கிடக்கும்.

தேனீயை ஏன் காக்க வேண்டும் என்ற கேள்விக்கு வருகிறேன். தேனீ அழிந்தால் நான்கே ஆண்டுகளில் மனித இனமும் அழிந்துவிடும் என்று ஐன்ஸ்டைன் சொன்னதாக ஒரு வாசகம் உலவுகிறது. அவர் அப்படிச் சொன்னதற்கு எந்தச் சான்றும் இல்லை. மிகைப்படுத்தித்தான் தேனீயைக் காக்க வேண்டும் என்பதும் இல்லை. நெல், கோதுமை, மக்காச்சோளம் எல்லாம் பூச்சியின் உதவியில்லாமல் விளைபவை. ஆனால் உலகின் முக்கிய உணவுப் பயிர்கள் 115-ஐ ஆராய்ந்து 2007-ல் வெளியான ஓர் ஆய்வு, அவற்றில் 87 பயிர்கள் ஏதோ ஓர் அளவில் பூச்சி, பறவை போன்ற உயிர்களின் மகரந்தச் சேர்க்கையால் பயன்பெறுகின்றன என்று காட்டியது. பழங்கள், கொட்டைகள், எண்ணெய் வித்துகள், காய்கள் பலவும் அதில் அடங்கும். வயிற்றை நிரப்பத் தானியம் போதும். உடம்பைத் தேற்றும் உணவில் பெரும்பகுதிக்குப் பூச்சிகள் வேண்டும்.

ஒரு தேனீ கூட்டை விட்டுக் கிளம்பினால், அந்தப் பயணம் முடியும் வரை பெரும்பாலும் ஒரே வகைப் பூவைத்தான் நாடும். எள்ளுப் பூவில் தொடங்கினால் எள்ளுப் பூவிலேயே சுற்றும். ஒரு பூவின் மகரந்தம் அதே இனத்தின் இன்னொரு பூவுக்குச் சரியாகப் போய்ச் சேருவது இதனால்தான். காலை வேளையில் பெட்டியின் அருகே பக்கவாட்டில் அமர்ந்து வாசலைப் பாருங்கள். திரும்பிவரும் தேனீக்களின் பின்னங்கால்களில் சின்னஞ்சிறு உருண்டைகள் ஒட்டியிருக்கும். ஒன்றுக்கு மஞ்சள், ஒன்றுக்கு ஆரஞ்சு, இன்னொன்றுக்குச் சாம்பல் நிறம். ஒரே தேனீயின் காலில் இரண்டு நிறம் கலந்திருப்பது அபூர்வம். அந்த நிறங்களைக் கொண்டே சுற்றுவட்டாரத்தில் எது பூத்திருக்கிறது என்று சொல்லிவிடும் வளர்ப்பாளர்கள் இருக்கிறார்கள்.

தேன் தரும் தேனீக்கள் மட்டுமே தேனீக்கள் அல்ல என்பதையும் சொல்லியாக வேண்டும். உலகில் 20,000-க்கும் மேற்பட்ட தேனீ இனங்கள் உள்ளன. பெரும்பாலானவை தனித்து வாழ்பவை. அவற்றுக்கு ராணியும் இல்லை, பெட்டியும் இல்லை. மண்ணில் வளை தோண்டும், காய்ந்த தண்டுக்குள் குடியிருக்கும், பட்ட மரத்தைத் துளைக்கும். தக்காளி, கத்தரிப் பூக்களில் மகரந்தம் மூடிய குழலுக்குள் இருக்கிறது. அதை உதிர்க்க வேண்டுமானால் பூவைக் கவ்விக்கொண்டு உடம்பை அதிர வைக்க வேண்டும். மரத்தைத் துளைக்கும் அந்தப் பெரிய கறுப்பு வண்டு போன்ற தச்சுத்தேனீ அதைச் செய்யும். தேன் தரும் தேனீக்கு அது வராது.

ரோஜாச் செடியின் இலை ஓரத்தில் நாணயத்தால் அச்சிட்டு வெட்டியது போல வட்டமாக ஒரு துண்டு காணாமல் போயிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். பூச்சி தின்கிறது என்று உடனே மருந்து தெளிக்கிறார்கள். அது தின்பதில்லை. இலைவெட்டித் தேனீ அந்தத் துண்டைக் கொண்டுபோய்ச் சுருட்டித் தன் குஞ்சுக்குத் தொட்டில் செய்கிறது. செடிக்கு அதனால் பெரிய கேடில்லை. பெட்டி வைக்க இடமோ வசதியோ இல்லாதவர்கள் அந்த மருந்துப் புட்டியைக் கீழே வைத்தாலே போதும். தேனீக்கு நீங்கள் செய்தது பெரிய உதவி.

மருந்து என்றதும் நியோனிகோட்டினாய்டு வகை நஞ்சுகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். விதையில் பூசினால் செடியின் சாற்றில் கலந்து, பூந்தேனுக்கும் மகரந்தத்துக்கும் போய்விடுபவை அவை. அதை உண்ணும் தேனீ உடனே செத்து விழவேண்டும் என்பதில்லை. வீட்டுக்கு வழி தெரியாமல் திகைத்துவிடும், அவ்வளவுதான். கூடு திரும்பாத தேனீயால் குடும்பத்துக்குப் பயனில்லை. ஐரோப்பிய ஒன்றியம் 2018-ல் இவ்வகை நஞ்சுகளில் மூன்றைத் திறந்த வெளியில் பயன்படுத்தத் தடை விதித்தது. வேறு இடையூறுகளும் உண்டு. வரோவா என்னும் உண்ணி ஆசியத் தேனீயிடம் பெரிய சேதமில்லாமல் இருந்துவந்தது. மனிதர்கள் ஐரோப்பியத் தேனீக்களை ஆசியாவுக்குக் கொண்டுவந்தபோது அவற்றின் மேல் தாவியது. தற்காப்புப் பழகாத அந்த இனத்தை உலகம் முழுவதும் அது வாட்டுகிறது. தொலைவிலிருந்து குடும்பத்தை வரவழைக்காதீர்கள், உங்கள் பகுதிக்குப் பழகிய இனத்தையே தேர்ந்தெடுங்கள் என்று நான் வற்புறுத்துவதற்கு இதுவே காரணம்.

சரி, பூக்களை ஓராண்டு கவனித்துவிட்டீர்கள், பழகியவர் ஒருவரிடம் ஒரு பருவமாவது உடனிருந்து பார்த்துவிட்டீர்கள். இனிப் பெட்டி வைக்கலாம். அதற்கு முன் உங்கள் ஊரில் அதற்கு அனுமதி வேண்டுமா என்று விசாரியுங்கள். அக்கம்பக்கத்தாரிடம் நேரில் பேசுங்கள். வீட்டில் யாருக்காவது தேனீ கொட்டினால் ஒவ்வாமை உண்டா என்று மருத்துவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். கொட்டிய இடம் வீங்குவது இயல்பு. மூச்சு முட்டினாலோ, முகம் வீங்கினாலோ ஒரு நிமிடமும் தாமதிக்காமல் மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

காலை வெயில் படும், நண்பகலில் நிழல் விழும், பலத்த காற்று தாக்காத இடம் நல்லது. வாசலுக்கு முன்னால் ஆள் உயரத்துக்கு ஒரு தட்டியோ செடி வரிசையோ இருந்தால் தேனீக்கள் மேலெழும்பிப் பறக்கும், நடப்பவர் தலையில் மோதாது. தண்ணீர் வைக்க மறக்காதீர்கள். அகலமான தட்டில் கூழாங்கற்களைப் பரப்பி, அவை பாதி நனையும் அளவுக்கு ஊற்றினால் தேனீக்கள் கல்மேல் நின்று குடிக்கும், மூழ்காது. புழுக்கள் வளரும் அறையை அவை எப்போதும் 35 டிகிரி செல்சியஸை ஒட்டியே வைத்திருக்கின்றன. வெயில் ஏறினால் தண்ணீரைக் கொண்டுவந்து அடையில் தெளித்து இறக்கையால் விசிறுகின்றன. நீங்கள் தண்ணீர் வைக்காவிட்டால் அடுத்த வீட்டுக் குழாயடிக்குப் போகும். தேனீ வளர்ப்பவர் மேல் வரும் புகார்களில் பல அந்தக் குழாயடியில்தான் பிறக்கின்றன.

இன்று நாம் கையாளும் பெட்டிக்கு அடிப்படை ஓர் இடைவெளி. தேனீக்கள் அகலமான சந்தில் அடை கட்டும், மிகக் குறுகிய சந்தைப் பிசினால் அடைக்கும். இரண்டுக்கும் நடுவே, ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டருக்கும் குறைவான ஓர் அளவை மட்டும் நடைபாதையாக விட்டுவைக்கும். அமெரிக்கரான லாங்ஸ்ட்ராத் இதை 1851-ல் பெட்டி அமைப்பில் பயன்படுத்தினார். சட்டங்களைச் சுற்றி அந்த இடைவெளி விட்டதால் அடையைச் சிதைக்காமல் தனித்தனியே தூக்கிப் பார்க்க முடிந்தது. பெட்டி வாங்கும்போது அந்த அளவு சரியாக இருக்கிறதா என்று பாருங்கள். தச்சு வேலை அழகாக இருப்பதைவிட அது முக்கியம்.

பெட்டியைத் திறக்க நல்ல வெயில் நேரத்தைத் தேர்ந்தெடுங்கள். வெளிர் நிற உடை, முகவலை, கொஞ்சம் குளிர்ந்த புகை போதும். அவசரப்படாதீர்கள். ஒரு தேனீ கொட்டிவிட்டால் அந்த இடத்தில் பழுத்த வாழைப்பழ வாசனை வரும். மற்ற தேனீக்களுக்கு அது அபாய அறிவிப்பு. கொடுக்கை உடனே எடுத்துவிட்டு, அந்த இடத்தில் புகை காட்டிவிட்டு நகர்ந்துவிடுங்கள்.

ராணியைத் தேடி அலைய வேண்டாம். சட்டத்தைச் சூரியனுக்கு முதுகு காட்டி நின்று, அறைகளின் அடிப்பக்கம் வெளிச்சம் படும்படி சாய்த்துப் பாருங்கள். வெள்ளை நூல் துணுக்கு போல முட்டை தெரியும். செங்குத்தாக நின்றால் அது இடப்பட்டு ஒரு நாள். சாய்ந்திருந்தால் இரண்டாம் நாள். படுத்திருந்தால் மூன்றாம் நாள். நிற்கும் முட்டை ஒன்றைக் கண்டுவிட்டால் ராணி நேற்றோ இன்றோ இங்கே இருந்தாள் என்று பொருள். பெட்டியை மூடிவிடலாம். தேன் எடுப்பதைப் பற்றி ஒன்றே சொல்வேன். மெழுகால் மூடப்பட்ட அறைகளிலிருந்து மட்டும் எடுங்கள். பூ இல்லாத மாதங்களுக்கு வேண்டியதை எடுத்துவைத்துவிட்டு, மிஞ்சினால் எடுங்கள். முதல் ஆண்டில் மிஞ்சாமலும் போகலாம்.

குடும்பம் பெருத்தால் பழைய ராணி பாதிக் கூட்டத்தோடு கிளம்பிக் கிளையில் கொத்தாகத் தொங்கும். பார்த்தவர்கள் பயந்து தீப்பந்தம் எடுக்கிறார்கள். அந்த நேரத்தில் அவற்றுக்குக் காக்க வேண்டிய குஞ்சுமில்லை, தேனுமில்லை. வயிறு நிறையத் தேன் குடித்துவிட்டுப் புது வீடு தேடிக்கொண்டிருப்பவை பெரும்பாலும் கொட்டுவதில்லை. உணவு இருக்கும் இடத்தைத் தேனீக்கள் ஒன்றுக்கொன்று ஆடிச் சொல்கின்றன. அந்த நடனத்தின் பொருளைக் கண்டறிந்து 1973-ல் நோபல் பரிசு பெற்றவர் கார்ல் வான் ஃப்ரிஷ். அவருடைய மாணவர் மார்ட்டின் லிண்டவர், போரில் இடிந்துகிடந்த மூனிச் நகரத்தில் 1949-ல் அப்படி ஒரு கொத்தைப் பார்த்தார். அதன்மேல் ஆடிய தேனீக்கள் அழுக்காக இருந்தன. சிலவற்றின் மேல் புகைக்கரி, சிலவற்றின் மேல் செங்கல் தூள். அவை பூவுக்குப் போய்வரவில்லை, இடிபாடுகளுக்குள் வீடு பார்த்துவிட்டு வந்து அந்த இடத்தை ஆடிச் சொல்கின்றன என்று அவர் ஊகித்தார். பின்னர் பல ஆண்டுகள் உழைத்து அதை நிறுவினார்.

என் வெற்றுப் பெட்டியை நான் கழுவி வெயிலில் காயவைத்து, பழைய இடத்திலேயே வைத்திருந்தேன். அந்த ஆண்டு முழுவதும் பூ ஓயும் மாதங்களுக்கென்று செடிகள் நட்டேன், துளசியைக் கிள்ளாமல் பூக்க விட்டேன். அடுத்த பருவத்தில் ஒரு காலை ஐந்தாறு தேனீக்கள் பெட்டியின் வாசலில் நுழைந்து நுழைந்து வெளியே வந்தன. உள்ளே நடந்து சுவரை அளந்தன. மறுநாள் ஐம்பது அறுபது வந்தன. மூன்றாம் நாள் பிற்பகல் மாடிக்கு மேலே வானம் இரைந்தது. கால்மணி நேரத்தில் அத்தனையும் அந்தச் சிறிய வாசல் வழியே உள்ளே போய்விட்டன. தட்டில் தண்ணீர் நிரப்பிவிட்டுக் கீழே இறங்கினேன். ஒரு வாரம் மூடியைத் தொடவில்லை.

வணக்கம்.