வண்டி கவுந்தா கை முதல்ல எங்க போகணும்

எல்லாருக்கும் வணக்கம், நேரா விஷயத்துக்கு வந்துடறேன். அமெரிக்க நாடாளுமன்றத்தோட தணிக்கை அமைப்பு 2021-ல ஒரு அறிக்கை விட்டுச்சு. 2010-லேருந்து 2019 நிதியாண்டு வரைக்கும் அவங்க தரைப்படையிலயும் மரைன் படையிலயும் ராணுவ வண்டி விபத்து 3,753, செத்தவங்க 123 பேர். இது எதுவும் போர்ல நடந்தது இல்லைங்க. இதுல வண்டி கவுந்தது கிட்டத்தட்ட கால்வாசிதான், ஆனா சாவுல 63 சதவீதம் அந்தக் கால்வாசியில வந்தது. எனக்கு இது மனசை ரொம்ப உறுத்துது.

ஈராக்ல குண்டுக்காக ஹம்வீங்கற அமெரிக்க ராணுவ ஜீப் மாதிரி வண்டியில தகடு மேல தகடா கவசம் ஏத்தினாங்க, மேல வெயிட் கூடக் கூட வண்டி லேசா சாஞ்சாலே கவுற நிலைமை, அதுலயும் கால்வாய்க் கரை மண்ரோடு சரிஞ்சா நேரா தண்ணிக்குள்ளதான். அதுக்குத்தான் ஹீட்னு ஒரு சிமுலேட்டர் கொண்டுவந்தாங்க. ஹம்வீயோட கூட்டை ஸ்டாண்டுல மாட்டி, ஆளுங்களை முழு கவசத்தோட உள்ள உக்கார வெச்சு, மோட்டார்ல உருட்டுவாங்க. முதல்ல 25, 30 டிகிரியில நிறுத்திக் காட்டுவாங்க, வண்டி எந்த சாய்வுல கைய விட்டுப் போகும்னு உடம்புக்கே தெரியட்டும்னு. அப்புறம் முழுசா தலைகீழ்.

உருள ஆரம்பிச்சதும் "ரோல்ஓவர், ரோல்ஓவர்"னு எல்லாரும் கத்தணும், மேல துப்பாக்கியோட நிக்கிற கன்னரைக் காலைப் புடிச்சு உள்ள இழுக்கணும், இல்லன்னா வண்டி அவர் மேலயே விழும். நின்னதுக்கப்புறம் எல்லாரும் பண்றது ஒண்ணுதான், அவசரமா பெல்ட் பட்டனை அமுக்கறது. மொத்த உடம்பு வெயிட்டும் கவச வெயிட்டும் பெல்ட்ல தொங்குது, பட்டன் லேசுல விடாது, விட்டாலும் கழுத்து போய் கூரையில இடிக்கும். அதனால ஒரு கை கூரைக்குப் போகணும், காலை அழுத்தி ஊணணும், உடம்பைக் கொஞ்சம் தூக்கிக்கிட்டு மத்த கையால பட்டன்.

பயத்துல விரல் நடுங்கும், பக்கத்துல கத்தறதே காதுல விழாது, கண்ணு ஒரே இடத்துல குத்தி நிக்கும். அது கோழைத்தனம் கிடையாது, அட்ரினலின் பண்ற வேலை, எந்த தைரியசாலிக்கும் வரும். டொனால்ட் மைக்கன்பாம்ங்கற உளவியலாளர் சொன்ன முறையும் இந்த சிமுலேட்டர் பண்றதேதான், தாங்கற அளவு நெருக்கடியைக் கொஞ்சம் கொஞ்சமா குடுத்துப் பழக்கறது. நாலு எண்ணி மூச்சை இழு, நாலு எண்ணி நிறுத்து, நாலு எண்ணி விடு, மறுபடி நாலு நிறுத்துன்னு சொல்லித் தர்றதும் இதுக்குத்தான், ஆனா அதை உக்காந்து நிதானமா இருக்கும்போதே பழகியிருக்கணும், தலைகீழா தொங்கும்போது புதுசா கத்துக்க முடியாது.

சிமுலேட்டர் உள்ள பயத்துல உறைஞ்சு போற ஆளை யாராவது கிண்டல் பண்ணா என்னால பொறுத்துக்கவே முடியாது. அவரை வெளிய கொண்டுவந்து தண்ணி குடுத்து, என்ன ஆச்சுன்னு பேச விட்டு, அன்னிக்கே கம்மி சாய்வுல திரும்ப ஏத்துங்க. நிஜ விபத்துல தப்பிச்சவரா இருந்தா, வாரக்கணக்கா தூக்கம் வரலன்னாலோ வண்டிச் சத்தம் கேட்டாலே உடம்பு நடுங்குதுன்னாலோ, உடனே டாக்டர்கிட்ட அனுப்புங்க, அதை யாரும் அவரோட ரெக்கார்டுல குறையா எழுத வேண்டாம்.